வண்ண மீன் பண்ணைக்கு யு.வி. கருவி: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் நெல், தென்னை, வாழை, பன்னீர் திராட்சை ஆகியவற்றோடு வண்ண மீன் வளர்ப்பையும் துணைத் தொழிலாகச் செய்யலாம். அனுமந்தன்பட்டி, உத்தமபாளையம், சின்னமனூர் பகுதிகளில் வீட்டை ஒட்டிக் கொஞ்சம் இடமும், வற்றாத கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் போதும். பத்துத் தொட்டிகளில் கப்பி, மோலி, தங்கமீன், கோய் கெண்டை வளர்த்து விற்க முடியும்.

தொழிலில் இறங்கும்போது மீன் கடைக்காரர்கள் பரிந்துரைக்கும் பொருள்களில் ஒன்று யு.வி. ஸ்டெரிலைசர் எனப்படும் புற ஊதாக் கதிர்க் கருவி. "இதை மாட்டினால் நோயே வராது" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. எதை வாங்குவது, உங்கள் பண்ணைக்கு அது தேவைதானா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அதற்கான கணக்கைக் கீழே பார்க்கலாம்.

யு.வி. கருவி எப்படி வேலை செய்கிறது?

கருவிக்குள் குறைந்த அழுத்தப் பாதரச ஆவி விளக்கு ஒன்று இருக்கும். அது 254 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புற ஊதாக் கதிரைத் தருகிறது. விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் குழாயும், அதற்கு வெளியே நீர் ஓடும் அறையும் இருக்கும். பம்ப் தள்ளும் நீர் இந்த அறை வழியாகச் செல்லும்போது அதில் மிதக்கும் பாக்டீரியா, பாசி, ஒட்டுண்ணிகளின் இளம் பருவம் ஆகியவற்றின் மரபுப்பொருளைக் கதிர் சிதைக்கிறது. அதன்பின் அவற்றால் பெருக முடியாது.

இந்தக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. விளக்கில் தெரியும் நீல ஒளி அதோடு சேர்ந்து வரும் வேறு ஒளி. ஆகவே நீலமாக எரிகிறது என்பதற்காகக் கருவி வேலை செய்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

சாதாரணக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இந்தக் கதிரைத் தடுத்துவிடும். குவார்ட்ஸ் மட்டுமே நன்றாகக் கடத்தும். கண்ணாடித் தொட்டிக்கு வெளியே விளக்கை மாட்டினால் பயன் இல்லை.

யு.வி. கருவி எதைச் செய்யாது?

1. மீனின் உடலில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் நோய்க் கிருமியை இது தொடாது. கருவிக்குள் வரும் நீரில் இருப்பதை மட்டுமே தாக்கும்.

2. மீன் பேன், நங்கூரப் புழு போன்ற, கண்ணுக்குத் தெரியும் ஒட்டுண்ணிகளுக்கு இது மருந்தாகாது.

3. அம்மோனியா, நைட்ரைட் போன்ற கழிவுகளை நீக்காது. அது உயிரியல் பில்டரின் வேலை. தீவனம் அதிகமாகிச் சாகும் மீனை யு.வி. காப்பாற்றாது.

4. பூச்சிமருந்து, பூஞ்சாணக்கொல்லி எச்சங்களை நீக்காது. திராட்சைத் தோட்டம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். போர்டோ கலவையில் உள்ள தாமிரம் மீனுக்கு நஞ்சு. மருந்து கலக்கிய வாளி, டிரம், தெளிப்பான் குழாய் எதையும் மீன் தொட்டிப் பக்கம் கொண்டுவரக் கூடாது. மருந்து தெளிக்கும் நாளில் தொட்டிகளை மூடி வைக்கவும்.

உங்கள் பண்ணைக்கு இது தேவையா?

இதற்கான பதில் உங்கள் தொட்டிகள் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

தனித்தனி சிமெண்ட் தொட்டிகள்: ஒவ்வொரு தொட்டிக்கும் தனி நீர், ஏர் புளோயரில் இயங்கும் ஸ்பாஞ்ச் பில்டர், வாரம் ஒருமுறை நீர் மாற்றம் என்று வைத்திருந்தால் யு.வி. வாங்க வேண்டாம். ஒரு தொட்டியின் நீர் அடுத்த தொட்டிக்குப் போவதில்லை. அங்கே நோய் பரவுவது கை, வலை, வாளி, புது மீன் ஆகிய நான்கு வழிகளில்தான். இவற்றை எந்தக் கருவியும் தடுக்காது. அந்தப் பணத்தில் ஒரு தனிமைத் தொட்டியும், தொட்டிக்கு ஒரு வலையும் வாங்குங்கள்.

ஒரே சம்ப் தொட்டியில் இணைந்த கண்ணாடித் தொட்டிகள்: பத்துத் தொட்டி நீரும் ஒரு சம்ப் தொட்டிக்கு வந்து, வடிகட்டப்பட்டு, மீண்டும் பத்துக்கும் போகும் அமைப்பு இது. ஒரு தொட்டியில் வந்த வெண்புள்ளி நோய் இரண்டொரு நாளில் மற்றத் தொட்டிகளுக்கும் போய்விடும். யு.வி. கருவியின் உண்மையான பயன் இங்கேதான்.

வாய்க்கால், குளத்து நீரைப் பயன்படுத்துவோர்: முல்லைப்பெரியாறு பாசன நீரிலும் குளத்து நீரிலும் இயற்கை மீன்கள் இருப்பதால் அவற்றின் நோய்களும் இருக்கும். முடிந்தவரை ஆழ்துளைக் கிணற்று நீரையே பயன்படுத்தவும். வழியில்லாவிட்டால் நீரைத் தனித் தொட்டியில் தெளிய வைத்து, வடிகட்டி, அதன்பின் யு.வி. வழியாக விடலாம். மழைக்காலத்தில் செம்மண் கலந்து வரும் நீரில் கதிர் ஊடுருவாது. கலங்கிய நீரை அப்படியே கருவிக்குள் விடுவது மின்சாரத்துக்குத்தான் கேடு.

வெளியில் உள்ள கோய் அல்லது தங்கமீன் தொட்டியில் நீர் பச்சையாக மாறுவதும் ஒரு பிரச்சினை. குஞ்சு வளர்க்கும் தொட்டியில் பச்சை நீர் நல்லது. அதில் உருவாகும் நுண்ணுயிர்கள் குஞ்சுகளுக்கு உணவாகும். விற்பனைத் தொட்டியில் மட்டும் மீன் தெளிவாகத் தெரிய வேண்டும். அங்கே சரியான அளவு யு.வி. கருவி இருந்தால் ஓரிரு வாரங்களில் நீர் தெளியும். நிழல்வலை கட்டினாலும் பாசி பெருமளவு குறையும். முதலில் அதைச் செய்து பார்க்கவும்.

வாட்டை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பெட்டியின் மேல் "36 வாட், 3000 லிட்டர் தொட்டிக்கு ஏற்றது" என்று எழுதியிருக்கும். இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கிருமி அழிவது அது வாங்கும் கதிர் அளவைப் பொறுத்தது. கதிரின் செறிவை, நீர் அறைக்குள் தங்கும் விநாடிகளால் பெருக்கினால் கிடைப்பதே கதிர் அளவு. இதைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லி ஜூல் என்று சொல்வார்கள்.

தேவைப்படும் அளவு ஏறக்குறைய இப்படி:

பச்சை நீர்ப் பாசிக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கும் 30 மில்லி ஜூல்.

வெண்புள்ளி நோய் ஒட்டுண்ணியின் நீந்தும் பருவத்துக்கு 100 மில்லி ஜூல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 36 வாட் விளக்கு உள்ள கருவி ஒன்றில் நீர் அறையின் கொள்ளளவு 2 லிட்டர், அறைக்குள் சராசரிக் கதிர்ச் செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி வாட் என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 4000 லிட்டர் ஓடினால் நீர் 1.8 விநாடி தங்கும். கதிர் அளவு 18.

மணிக்கு 2000 லிட்டர் ஓடினால் 3.6 விநாடி. கதிர் அளவு 36.

மணிக்கு 1000 லிட்டர் ஓடினால் 7.2 விநாடி. கதிர் அளவு 72.

மணிக்கு 720 லிட்டர் ஓடினால் 10 விநாடி. கதிர் அளவு 100.

கருவி ஒன்றுதான், விளக்கும் ஒன்றுதான். பம்பின் வேகம் மட்டுமே மாறுகிறது. மணிக்கு 4000 லிட்டரில் பாசிக்குக்கூடப் போதாத கருவி, 720 லிட்டரில் வெண்புள்ளி ஒட்டுண்ணியையே தடுக்கிறது. "பெரிய மோட்டார் போட்டால் நீர் சீக்கிரம் சுத்தமாகும்" என்ற எண்ணம் யு.வி. விஷயத்தில் நேர்மாறாக முடியும்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "மணிக்கு இத்தனை லிட்டர் ஓட்டத்தில், விளக்கின் ஆயுள் முடியும் நிலையில், எத்தனை மில்லி ஜூல் கிடைக்கும்?" நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கான அட்டவணையைக் கருவியோடு தருவார்கள். சிலர் மைக்ரோ வாட் விநாடி என்ற அலகில் கொடுப்பார்கள். அதை 1000-ஆல் வகுத்தால் மில்லி ஜூல் கிடைக்கும். 30,000 என்று இருந்தால் 30 மில்லி ஜூல். அட்டவணையே இல்லாத கருவியை வாங்காமல் இருப்பது நல்லது.

முழு நீரும் கருவி வழியாகப் போகிறதா?

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. பத்துத் தொட்டி, தொட்டிக்கு 200 லிட்டர், மொத்தம் 2000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சம்ப் தொட்டியிலிருந்து மணிக்கு 2000 லிட்டர் நீர் தொட்டிகளுக்குப் போகிறது.

சிலர் சம்ப் தொட்டியில் தனிச் சிறு பம்ப் வைத்து, மணிக்கு 720 லிட்டரை மட்டும் யு.வி. வழியாகச் சுற்ற விடுவார்கள். அந்த 720 லிட்டர் நன்றாகச் சுத்தமாகும். மீதி நீர் கிருமியோடு நேராக அடுத்த தொட்டிக்குப் போய்விடும். பச்சை நீரைத் தெளிய வைக்க இந்த முறை போதும். நோய் பரவுவதைத் தடுக்க இது போதாது.

நோயைத் தடுக்க வேண்டுமானால் தொட்டிகளுக்குத் திரும்பும் முதன்மைக் குழாயிலேயே கருவியைப் பொருத்தி, முழு நீரையும் அதன் வழியாக விட வேண்டும். மேலே சொன்ன கருவி மணிக்கு 2000 லிட்டரில் 36 மில்லி ஜூல்தான் தரும். பாக்டீரியாவுக்கு இது போதும். வெண்புள்ளிக்கு வேண்டிய 100-ஐ எட்ட, அதே போன்ற மூன்று கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்ட வேண்டும். அப்போது 108 கிடைக்கும்.

மூன்று கருவிக்கான பணம் இல்லை என்றால் தொட்டிகளை இரண்டு மூன்று குழுக்களாகப் பிரித்துத் தனித்தனி சம்ப் வைப்பது மலிவான வழி. ஒரு குழுவில் நோய் வந்தாலும் மற்றவை தப்பும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே தொட்டியில் இருந்து எடுத்து அதிலேயே விடும்போது, சுத்தமான நீர் பழைய நீரோடு கலந்துகொண்டே இருக்கும். தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஒருமுறை கருவி வழியாகப் போனால் 63 சதவீத நீர்தான் உண்மையில் கருவியைக் கடந்திருக்கும். மூன்று மடங்கு போனால் 95 சதவீதம், ஐந்து மடங்கு போனால் 99 சதவீதம். ஆகவே கருவியை 24 மணி நேரமும் ஓட விட வேண்டும். பகலில் இரண்டு மணி நேரம் மட்டும் போடுவதால் பலன் இல்லை.

பம்பின் உண்மையான ஓட்டத்தை அளப்பது எப்படி?

பம்ப் பெட்டியில் எழுதியுள்ள அளவு, குழாய் உயரம் ஏதும் இல்லாத நிலையில் கிடைப்பது. நான்கு அடி உயரம் ஏற்றினாலே ஓட்டம் குறையும். குழாய் வளைவுகளாலும் குறையும். 20 லிட்டர் வாளியைக் குழாய் முனையில் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 72,000-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். 36 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 2000 லிட்டர். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

1. விளக்கில் 254 நானோமீட்டர் அல்லது யு.வி.சி. என்று அச்சிட்டிருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி விளக்கு, வெறும் நீல எல்.இ.டி. விளக்கு ஆகியவை இந்த வேலைக்கு ஆகாது.

2. விளக்கைச் சுற்றித் தனிக் குவார்ட்ஸ் குழாய் இருக்க வேண்டும். அது உடைந்தால் தனியாக வாங்கிப் போட முடியுமா என்று கேளுங்கள்.

3. விளக்கு, சோக், ரப்பர் வளையம் மூன்றும் மதுரையிலாவது கிடைக்க வேண்டும். விளக்கு கிடைக்காத கருவி ஓராண்டுக்குப் பின் வெறும் குழாய்தான்.

4. எழுதியுள்ள வாட் உண்மையா என்று பார்க்கவும். பிளக்கில் மாட்டும் சிறிய வாட் மீட்டர் கொண்டு சோதிக்கலாம். 36 வாட் என்று சொல்லி 10 வாட் இழுக்கும் கருவிகளை ஒதுக்கிவிடலாம்.

5. விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கதிராக மாறாது. தரமான 36 வாட் யு.வி.சி. விளக்கில் சுமார் 12 வாட்தான் கதிராக வெளிவரும். 9 வாட் விளக்கில் 2.4 வாட் அளவுதான். நான்கு சின்னக் கருவிகளை வாங்குவதைவிட ஒரு நடுத்தரக் கருவி வாங்குவது மேல்.

6. நீர் அறை நீளமாகவும், உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் எதிரெதிர் முனைகளிலும் இருக்க வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் நீர் குறுக்கே போய்விடும்.

7. பம்போடு சேர்ந்து தொட்டிக்குள் மூழ்க வைக்கும் சிறு கருவிகள் வீட்டு வரவேற்பறைத் தொட்டிக்குச் சரி. பண்ணைக்கு அவை போதாது.

பொருத்தும் முறை

வரிசை முக்கியம். முதலில் அழுக்கு வடிகட்டும் ஸ்பாஞ்ச், அடுத்து உயிரியல் பில்டர், அதன்பின் பம்ப், கடைசியில் யு.வி. கருவி. அழுக்கு நீர் கருவிக்குள் போனால் கிருமிகள் அழுக்குத் துகளின் நிழலில் ஒளிந்து தப்பிவிடும்.

கருவியை நிமிர்த்தி மாட்டினால் நீர் கீழே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. இரு பக்கமும் கேட் வால்வும், பக்கவாட்டில் ஒரு மாற்று வழிக் குழாயும் வைத்தால் விளக்கு மாற்றும்போது தொட்டிகளுக்கு நீர் நிற்காது. வெயிலும் மழையும் படாத இடத்தில், தொட்டி நீர் மட்டத்துக்கு மேல் சோக் பெட்டியை வைக்கவும்.

பராமரிப்பு

விளக்கு மாற்றுதல்: தரமான விளக்குகளின் பயனுள்ள ஆயுள் சுமார் 9000 மணி நேரம். இடைவிடாமல் எரிந்தால் ஓராண்டும் சில நாள்களும். அதன்பிறகும் நீல ஒளி வரும், கிருமி அழிக்கும் கதிர் குறைந்திருக்கும். மாட்டிய தேதியைக் கருவியின் மேலேயே எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவும்.

குவார்ட்ஸ் குழாய் சுத்தம்: உப்புத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் குழாயின் மேல் வெள்ளைப் படிவம் படியும். அது கதிரை மறைக்கும். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திக் குழாயைக் கழற்றி, வினிகர் அல்லது எலுமிச்சைச் சாற்றில் ஊற வைத்து, மெல்லிய துணியால் துடைக்கவும். கம்பி நார், மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது.

மருந்து போடும்போது: தொட்டியில் மெத்திலீன் நீலம் போன்ற மருந்து கலந்திருக்கும் நாள்களில் கருவியை நிறுத்தி வைக்கவும். கதிர் மருந்தைச் சிதைத்துவிடும். பில்டருக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக் கரைசல் ஊற்றினால் இரண்டு நாள் நிறுத்தி வைக்கவும்.

உயிருக்குப் பாதுகாப்பு

எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவருக்கு இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் வலிக்குமே, அதே பாதிப்பு இதிலும் வரும். தோலும் சிவந்து புண்ணாகும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். எரிகிறதா என்று பார்க்கக் கருவியைத் திறக்காதீர்கள். அதற்கென உள்ள சோதனைத் துளை வழியாக மட்டும் பார்க்கவும்.

நீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. குவார்ட்ஸ் குழாய் விரிசல் விட்டால் நீரிலேயே மின்சாரம் பாயலாம். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் எர்த் இணைப்பும் இல்லாமல் இந்தக் கருவியை மாட்டவே கூடாது. தொட்டிக்குள் கை விடும் முன் மெயினை அணைக்கும் பழக்கம் வேண்டும்.

விளக்கில் பாதரசம் உண்டு. உடைந்தால் வெறுங்கையால் அள்ளாமல், காற்றோட்டம் வந்தபின் அட்டையால் சேகரித்து மூடிய டப்பாவில் போடவும். பாதரசம் பட்ட நீரில் மீன் விட வேண்டாம்.

வெண்புள்ளியைத் தடுக்க மலிவான வழி

வெண்புள்ளி நோய் மார்கழி, தை மாதங்களில் இரவுக் குளிரில் அதிகம் வரும். ஒட்டுண்ணி மீனின் உடலில் இருந்து விழுந்து, தொட்டியின் அடியில் பெருகி, நீந்தும் குஞ்சுகளாக வெளிவரும். அவை ஓரிரு நாளுக்குள் இன்னொரு மீனைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். யு.வி. தாக்குவது இந்த ஒரு பருவத்தை மட்டுமே. அதுவும் கருவிக்குள் வந்தால்தான்.

ஆகவே சென்னை கொளத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வாங்கி வரும் புது மீன்களைத் தனிமைத் தொட்டியில் மூன்று வாரம் வைத்துக் கவனிக்கவும். அந்தத் தொட்டிக்கு வலை, குழாய், ஸ்பாஞ்ச் எல்லாம் தனி. வேலையை ஆரோக்கியமான தொட்டியில் தொடங்கி, தனிமைத் தொட்டியில் முடிக்கவும். வலைகளை ஒவ்வொரு நாளும் வெயிலில் முழுதாக உலர்த்தவும். நோய் தெரிந்தால் அயோடின் சேர்க்காத கல் உப்பை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை படிப்படியாகக் கரைக்கலாம். உப்பைத் தாங்காத மீன்களும் நீர்த்தாவரங்களும் இருப்பதால் முதலில் ஒரு தொட்டியில் சோதித்துப் பார்க்கவும்.

செலவும் மானியமும்

36 வாட் கருவி ஒன்று நாள் முழுதும் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 26 யூனிட் மின்சாரம் ஆகும். மூன்று கருவி என்றால் 78 யூனிட். இதோடு பம்பின் மின்சாரம், ஆண்டுதோறும் புது விளக்கு ஆகியவற்றையும் சேர்த்து, மாதம் விற்கும் மீனின் மதிப்போடு ஒப்பிட்டு முடிவு செய்யவும்.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புறக்கடை வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய், நடுத்தர அலகுக்கு 8 லட்சம் ரூபாய் எனத் திட்ட மதிப்பு வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். நடப்பு ஆண்டுக்கான ஒதுக்கீட்டை மாவட்ட மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டறியவும். பொருள்களை வாங்கிவிட்டு விண்ணப்பிக்காமல், விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றபின் வாங்கவும்.

நினைவில் கொள்ள

தொட்டிகள் தனித்தனியாக இருந்தால் யு.வி. வேண்டாம். ஒரே சம்ப் தொட்டியில் இணைந்திருந்தால் முழு நீரும் போகும் குழாயில் பொருத்தவும். முதலில் வாளியால் ஓட்டத்தை அளந்து, அந்த ஓட்டத்தில் 30 அல்லது 100 மில்லி ஜூல் தரும் கருவியைத் தேர்ந்தெடுக்கவும். ஆண்டுக்கு ஒருமுறை விளக்கு, மாதம் ஒருமுறை குவார்ட்ஸ் சுத்தம், கட்டாயம் ஆர்.சி.சி.பி. எந்தக் கருவி வாங்கினாலும் தனிமைத் தொட்டியைக் கைவிட வேண்டாம்.